தமிழகத்தின் கோடை: வெயில், இடிமழை, திடீர் வெள்ளம்

வானிலைக் கணக்கில் தமிழகத்தின் கோடை மார்ச் 1 அன்று தொடங்கி மே 31 வரை நீள்கிறது. இந்த மூன்று மாதங்களில் மாநிலத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழை சுமார் 12½ செ.மீ. மட்டுமே. ஆண்டு முழுவதற்குமான சராசரி 92 செ.மீ. அளவில் இருப்பதால், கோடை மழையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஆண்டின் மிகக் கடும் வெயில், மிக வலுவான இடி மின்னல், வாழைத் தோப்புகளைச் சாய்க்கும் சூறைக்காற்று, வங்கக்கடலின் கோடைப் புயல்கள், மலை ஓடைகளில் பாயும் திடீர் வெள்ளம் ஆகிய எல்லாமே இந்த மூன்று மாதங்களுக்குள் வந்துபோகின்றன. சூடேறும் நிலம், அதைச் சூழ்ந்த ஈரக்கடல், இரண்டுக்கும் இடையே திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்று, இந்த மூன்றின் விளையாட்டில்தான் இவை அனைத்தும் பிறக்கின்றன. அதனால் ஒரே நாளில் கரூரில் அனல் காற்றும், சத்தியமங்கலத்தில் ஆலங்கட்டி மழையும், குமரிக் கடலோரத்தில் பேரலையும் இருப்பதில் வியப்பில்லை. மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு வெப்பநிலையும் ஒரு மழையளவும் சொல்லி இந்தப் பருவத்தை விளக்கிவிட முடியாது.

சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டி. சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டி. பஞ்சாங்கம் குறிக்கும் அக்னி நட்சத்திரமோ மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிகிறது. கத்திரி வெயில் என்று மக்கள் அஞ்சும் இந்த 25 நாட்களுக்கு வானிலை அறிவியலில் தனி இலக்கணம் எதுவும் இல்லை. வெயிலின் உச்சம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதே அளவீடுகள் சொல்லும் செய்தி. ஈரோடு, கரூர், சேலம், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் மார்ச் கடைசியிலேயே வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டு, ஏப்ரல் பிற்பாதியிலும் மே தொடக்கத்திலும் உச்சத்துக்குப் போகிறது. மே நடுவில் மாலை மழை தொடங்கியதும் அங்கே சற்றுத் தணிகிறது. சென்னையில் நிலைமை தலைகீழ். அங்கே மிகக் கொடிய நாட்கள் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான், அதாவது கத்திரி முடிகிறது என்று மக்கள் நிம்மதி கொள்ளும் நேரத்தில்தான் வருகின்றன.

இதற்குக் காரணம் கடற்காற்று. நிலம் சூடேறச் சூடேற, முற்பகலிலோ நண்பகலிலோ கடலிலிருந்து காற்று உள்ளே ஏறுகிறது. அது ஏறிய கணத்தில் வெப்பநிலை உயர்வது நின்றுவிடும். நகரம் 36, 37 டிகிரியோடு தப்பிவிடும். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்றின் முன்னோட்டமாக மேலைக்காற்று வலுக்கிறது. ஆந்திர, தமிழக உள்நிலங்களைக் கடந்து வறண்டு வரும் அந்தக் காற்று, கடற்காற்றைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை கரையேற விடாது. அந்த இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே வெப்பநிலை 40-ஐத் தாண்டிவிடும். 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி, சென்னையின் பதிவுகளில் மிக உயர்ந்தது.

இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையை அறிவிப்பதற்கு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. முதலாவது, குறைந்தபட்ச வரம்பு: சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30. இரண்டாவது, அந்த ஊரின் அந்த நாளுக்கான இயல்பைவிட 4½ டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இயல்பு எதுவாக இருந்தாலும் சமவெளியில் 45-ஐத் தொட்டால் வெப்ப அலை, 47-ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. வட இந்தியச் சமவெளிக்குப் பொருந்தும் இந்த இலக்கணம் தமிழகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இயல்பே 38 ஆக இருக்கும் ஓர் ஊரில் பத்து நாட்கள் தொடர்ந்து 41, 42 டிகிரி அடித்தாலும் விலகல் 4½-ஐ எட்டாது. வெப்ப அலை என்ற சொல் அறிக்கையில் வராமலே போகலாம். செங்கல் சூளையில் மண் சுமப்பவரின் உடலுக்கு விலகல் கணக்கு தெரியாது.

ஈரப்பதமும் இந்த இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை. உடல் தன் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் வியர்வை ஆவியாவதன் மூலமே. தருமபுரியின் வறண்ட 39 டிகிரியில் வியர்வை உடனே காய்கிறது. கடலூரின், நாகப்பட்டினத்தின் ஈரமான 36 டிகிரியில் அது சொட்டிக்கொண்டே இருக்கிறதே தவிரக் காய்வதில்லை. உடலின் உட்சூடு இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. உட்சூடு 40 டிகிரியைக் கடந்து நினைவு குழம்பத் தொடங்கினால் அது வெப்ப வாதம். உடனடியாக உடலைக் குளிர்விக்காவிட்டால் உயிர் போகும். இரவும் தணியாமல் 29, 30 டிகிரியிலேயே நிற்கும் கடலோர நகரங்களில், தகரக் கூரைக்கும் சூடேறிய கான்கிரீட்டுக்கும் கீழே உறங்குபவர்களின் உடல் முந்தைய நாளின் களைப்போடே மறுநாள் வெயிலுக்குள் போகிறது. அதனால் முன்னறிவிப்பில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் பகல் உச்சத்துக்கு இணையான இடம் வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் கோடை இந்தப் பருவத்தின் எல்லா முகங்களையும் ஒருசேரக் காட்டியது. 2023-இல் பசிபிக் பெருங்கடலில் உருவாகியிருந்த எல் நினோ அப்போது மெல்லத் தணிந்துகொண்டிருந்தது. எல் நினோவுக்கு அடுத்து வரும் கோடை இந்தியாவில் கூடுதல் வெப்பத்தோடு இருப்பது பழகிய ஒன்று. ஏப்ரலில் தென்னிந்தியாவின் மேல் எதிர்ச்சுழல் நிலைகொண்டது. மேலிருந்து இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். மேகம் எழும்பவும் விடாது. மாதம் முழுவதும் பெரும்பாலான மாவட்டங்களில் மழை பெயரளவுக்குக்கூட இல்லை. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. வெயிலுக்கு ஒதுங்க மக்கள் ஓடும் உதகமண்டலத்திலேயே ஏப்ரல் இறுதியில் 29 டிகிரி பதிவானது. அந்த ஊரின் பதிவுகளில் அதுவரை கண்டிராத அளவு. மே நடுவில் காட்சி மாறியது. வளிமண்டலச் சுழற்சிகளால் பெய்த மழை பற்றாக்குறையை ஈடுகட்டிவிட்டது. மூன்று மாதக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கோடையில் மழைக் குறை ஏதும் தெரியாது. ஏப்ரலில் காய்ந்த தென்னையும் வற்றிய கிணறும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிட்டன.

கோடை மழை தானாக வருவதில்லை; அதைத் தூண்ட ஓர் ஏற்பாடு வேண்டும். மகாராட்டிரத்தின் விதர்ப்பா, மராத்வாடா பகுதிகளிலிருந்து கர்நாடக உள்பகுதி வழியாகத் தமிழகம் வரை காற்றின் திசை முறியும் ஒரு கோடு இந்த மாதங்களில் அடிக்கடி அமைகிறது. அதன் ஒரு பக்கம் வறண்ட காற்று, மறு பக்கம் வங்கக்கடலின் ஈரக்காற்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. பகல் வெயிலில் நிலம் சூடேறியிருந்தால் இரண்டு மணிக்குப் பிறகு மேகம் வேகமாக எழும்பி 12 முதல் 16 கி.மீ. உயரம் வரை வளர்ந்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு மலையடிவாரங்களில் ஆலங்கட்டி விழுவது இத்தகைய மேகங்களிலிருந்துதான். ஒரு மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரம் அளவுக்கே, பரப்பும் சிறியது. கோபிசெட்டிபாளையத்தில் மரம் முறியும்போது பக்கத்துக் கிராமத்தில் தூறல்கூட இல்லாமல் இருப்பது அதனால்தான்.

இந்த மேகங்களின் மழையைவிட அவற்றிலிருந்து இறங்கும் காற்றே பயிருக்கு எமனாகிறது. மழைத்துளிகள் ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று மேகத்தின் அடியிலிருந்து கொட்டுகிறது. தரையில் மோதியதும் நாலாபுறமும் சீறுகிறது. மணிக்கு 50, 60 கி.மீ. வேகம் போதும். வாழைக்கு ஆணிவேர் கிடையாது. மேல்மண்ணில் பரவிய சல்லிவேர்தான் அதைத் தாங்குகிறது. ஒன்பது, பத்து மாதம் வளர்த்து, குலை தள்ளி, காய் பருத்துக்கொண்டிருக்கும் நிலையில் மரத்தின் கனம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத் தாங்கச் சவுக்குக் கம்பை முட்டுக்கொடுத்து, கயிற்றால் கட்டியிருப்பார்கள். முட்டு ஒரு திசைக் காற்றுக்குத்தான் தாங்கும். இந்தக் காற்று திசை மாறி மாறி அடிக்கும். தண்டு நடுவில் மடிந்து, தார் மண்ணில் மோதி, பிஞ்சுக் காய்கள் சிதறிவிடும். பத்தே நிமிடத்தில் ஓர் ஆண்டு உழைப்பும் கடன் பணமும் தரையில் கிடக்கும். ஈரோடு, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் இது ஆண்டுதோறும் எங்காவது ஓரிடத்தில் நடக்கிறது. 33 விழுக்காடோ அதற்கு மேலோ பயிர் சேதமானால்தான் பேரிடர் நிவாரண இடுபொருள் மானியம் கிடைக்கும். அதற்கு வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் நேரில் வந்து கணக்கெடுக்க வேண்டும். மாவட்ட மழைப் பட்டியலில் அந்த நாளுக்கு 4 மி.மீ. என்று மட்டுமே இருக்கும்.

மின்னல் அதைவிடக் கொடியது. இந்தியாவில் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்களும் வயலில் வேலை செய்பவர்களும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்களுமே அதிகம். புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் நெருங்குவதைக் காட்டும். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் முதியவர் கையில் அந்தச் செயலி உள்ள கைபேசி இருப்பதில்லை.

இதே மழை நன்மையும் செய்கிறது. ஏற்காட்டிலும் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளிலும் காப்பிச் செடி பூப்பதற்கு மார்ச் மாத மழைதான் ஆதாரம். மானாவாரி நிலத்தில் கோடை உழவு போட்டு மண்ணைப் புரட்ட ஒரு நல்ல மழை போதும். காவிரி டெல்டாவிலோ நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தும் பயறும் எள்ளும் அறுவடைக்கு நிற்கும்போது பெய்யும் மழை அவற்றைக் களத்திலேயே முளைக்க வைத்துவிடும். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் ஒரே மழை பல நாள் உற்பத்தியைக் கரைத்துவிடும்.

கோடையில் பெருநதிகள் கரை உடைப்பது அரிது. வெள்ளம் சிறு ஓடைகளில்தான் வருகிறது. சிறு ஓடை என்பதாலேயே எச்சரிக்கைக்கு நேரமும் குறைவு. 2024 மே 17 அன்று பிற்பகலில் பழைய குற்றாலத்தில் அருவிக்குக் கீழே ஏராளமானோர் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழை செங்குத்தான சரிவில் இறங்கி, பாறை இடுக்குகளில் ஒன்றுசேர்ந்து, சட்டென்று அருவியின் அளவையே மாற்றியது. தெளிந்து விழுந்த நீர் செந்நிறமாகிக் குளிக்கும் இடத்தையும் படிகளையும் மூழ்கடித்தது. கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு மக்கள் மேலேறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைக்குப் போன பக்தர்களில் சிலரும் இப்படித்தான் காட்டாற்றில் உயிரிழந்தார்கள். கும்பக்கரை, சுருளி அருவிகளிலும் இதே அபாயம் உண்டு. நீர்ப்பிடிப்பு சில சதுர கி.மீ. மட்டுமே என்றால், மேலே மழை வலுப்பதற்கும் கீழே வெள்ளம் வருவதற்கும் இடையில் அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. மலை உச்சியில் ஒரு தானியங்கி மழைமானியும், அதன் அளவைக் கேட்டதும் அருவியை மூட அதிகாரம் உள்ள ஒருவரும் இருந்தால்தான் அந்த அரை மணி பயன்படும்.

கடலும் வானம் தெளிந்திருக்கும்போதே கொல்லக்கூடியது. தெற்கே பல ஆயிரம் கி.மீ. தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் நெடிய அலைகள் சில நாட்கள் பயணித்துக் கேரளக் கரையையும் குமரிக் கரையையும் அடைகின்றன. உள்ளூரில் காற்றே இருக்காது. கடல் மட்டும் திடீரென்று கரையேறும். இதற்குக் கடலோர மக்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். அறிவியலாளர்களும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 2024 மே 6 அன்று, இத்தகைய அலைகளுக்கான எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, நாகர்கோவிலை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிட்ட எச்சரிக்கை மீனவர்களைச் சென்றடையும் அளவுக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சென்றடைவதில்லை.

கோடைப் புயல்கள் தமிழகக் கரையை நேராகத் தாக்குவது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் வங்கக்கடலின் தெற்கில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் வடக்கே திரும்பி ஆந்திரா, ஒடிசா, வங்கம், மியான்மர் பக்கம் போய்விடுகின்றன. 2010 மே மாதத்தில் லைலா சென்னைக்கு மழை கொடுத்துவிட்டுப் பாபட்லா அருகே கரை கடந்தது. 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி வட தமிழகத்தை நோக்கி வரும் என்ற எதிர்பார்ப்பில் வறண்ட சென்னை மழைக்குக் காத்திருந்தது. அது விலகிப் போய் மே 3 அன்று பூரி அருகே ஒடிசாவைத் தாக்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. மீன்வளத்துக்காகக் கொண்டுவந்த அந்தத் தடை, கோடைப் புயல் காலத்தில் பெரும்பாலான படகுகளைக் கரையிலேயே வைத்திருக்கும் நன்மையையும் செய்கிறது. நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. புயல் எச்சரிக்கை அவற்றில் செல்பவர்களுக்கே மிக அவசரமானது.

விலகிப் போன புயலும் தமிழகத்தைச் சும்மா விடுவதில்லை. வடக்கே சுழலும் புயல் தன் பக்கம் காற்றை இழுக்கும்போது தமிழகத்தின் மேல் மேலைக்காற்று வலுக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு அது அனல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கத்துக்கு அது மழை. 2003 மே மாதத்தில் வங்கக்கடலில் நீண்ட நாள் நின்ற புயல் இலங்கையின் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதத்திலேயே ஆந்திராவில் அனல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2021 மே இறுதியில் யாஸ் புயல் ஒடிசாவை நெருங்கிய நாட்களில், ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் குமரி மாவட்டத்தின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. புயலின் பாதையை மட்டும் வரைபடத்தில் பார்ப்பவருக்கு இந்த அனலும் மழையும் தெரியாது.

பருவமழையின் தொடக்கமும் இப்போது கோடைக்குள் நுழைகிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. 2025-இல் அது மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 2009-க்குப் பின் இவ்வளவு முன்னதாக வந்ததில்லை. அந்த நாட்களில் நீலகிரிக்கும் கோவைக்கும் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. கோடை விடுமுறைக் கூட்டம் மலையில் நிறைந்திருக்கும் வாரம் அது.

முன்னறிவிப்பு நான்கு படிகளில் வருகிறது. பிப்ரவரி கடைசியில் வானிலை ஆய்வு மையம் மார்ச் முதல் மே வரைக்குமான பருவக் கணிப்பை வெளியிடுகிறது. அது இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்ற வாய்ப்பைச் சொல்லுமே தவிர, எந்த ஊரில் எந்த நாள் என்று சொல்லாது, சொல்லவும் முடியாது. வாரந்தோறும் வரும் நீட்டித்த காலக் கணிப்பு, அடுத்த சில வாரங்களின் போக்கைக் காட்டும். நாள்தோறும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. ஒரு நாளில் 6½ செ.மீ. அளவைத் தாண்டினால் கனமழை, 11½ செ.மீ.க்கு மேல் மிக கனமழை, 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை. கடைசிப் படி, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை. கோடை இடிமழைக்கு உண்மையில் உதவுவது இது ஒன்றுதான். இதற்கு ரேடார் வேண்டும். டாப்ளர் ரேடார்கள் சென்னையிலும் காரைக்காலிலும் கடலைப் பார்த்து நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழைப் புயல்களுக்கு அதுவே சரியான இடம். ரேடாரின் கற்றை தூரம் போகப் போக மேலே ஏறும், 200 கி.மீ. தாண்டினால் மேகத்தின் அடிப்பகுதியைக் காண முடியாது. ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் மிகுந்த மேற்கு மாவட்டங்கள் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே ரேடார் வைப்பது கோடைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியாக இருக்கும்.

வெப்பத்துக்கு எதிரான ஏற்பாடுகளில் இந்தியாவுக்கு வழிகாட்டியது அகமதாபாத். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்ததை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2013-இல் அங்கே வெப்பச் செயல்திட்டம் வந்தது. எச்சரிக்கை, மருத்துவமனைத் தயார்நிலை, வேலை நேர மாற்றம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்த திட்டம் அது. தமிழகமும் பின்னர் தன் செயல்திட்டத்தை வகுத்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. தண்ணீர்ப் பந்தல்களில் உப்புச் சர்க்கரைக் கரைசல் வைப்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு.

நிவாரணம் கிடைக்க, இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று மருத்துவச் சான்று வேண்டும். வெயிலில் மயங்கி விழுந்து இறப்பவரின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படுகிறது. அழைத்து வந்தபோது உடல் வெப்பம் எவ்வளவு என்று அளந்து குறிக்கப்படுவதில்லை. வெயில் ஒரே நாளில் கொல்லாமல் மெல்ல உடலை அரிக்கும் நிலையும் உண்டு. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் 2017 முதல் 2020 வரை சென்னை ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களின் பாதிப்பு எந்த வெப்ப அலைப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அகமதாபாத் செய்ததுபோல, மாதவாரி மொத்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுக் கூடுதலைக் கணக்கிடும் முறையை மாவட்டந்தோறும் நடத்தத் தேவையான பதிவேடுகள் உள்ளாட்சி அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.